பாலத்தில் நின்ற பெரியவர்

தம்பி,

இதை உனக்கு வாசித்துக் காட்டப்போவது நீ கட்டப்போகிற தாரிணிதான் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். உனக்கு மராத்தி எழுத்து வரும், இங்கிலீஷ் வரும், தமிழ் எழுத்து வராது. எனக்கு எந்த எழுத்துமே வராது. நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள் என்பதால் என் பேச்சுக்குத் தலைசீவிப் பவுடர் போட்டுத்தான் தாளில் இறக்குவாள்; அதற்கு நான் பொறுப்பில்லை. நேரில் சொன்னால் என்ன என்று கேட்டாள். நேரில் சொன்னால் நீ என் தோளில் கையைப் போட்டு, "சோடோ நா அப்பா", விடுங்கப்பா என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். கடிதம் என்றால் முடிகிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டுத்தானே ஆக வேண்டும்.

கல்யாணம் முடிந்து லோஹேகாவில் பார்த்திருக்கிற வீட்டுக்குக் குடிபோகும்போது அந்த கேம் பெட்டியையும் எடுத்துப்போகிறேன் என்று போன வாரம் கேட்டாய். கட்டிலைக் கேட்டாய், சரி என்றேன். பீரோவைக் கேட்டாய், சரி என்றேன். அந்தப் பழைய சாம்பல் நிறப் பெட்டியைக் கேட்டதும் "பாக்கலாம்" என்றேன். நீ விநோதமாகப் பார்த்தாய். அது ஒன்றுக்கும் உதவாத பழைய சாமான்தான். ஆனால் நீயும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஆடப்போகிறீர்கள் என்று சொன்னாய் பார், அது எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமை, தம்பி. வேறு பெயர் எதுவும் அதற்கு வைக்க எனக்குத் தெரியவில்லை.

"பொறாமைன்னே எழுதட்டுமா? மருமக வாசிக்கப் போறா" என்று உன் அம்மா பேனாவை நிறுத்துகிறாள்.

"அப்படியே எழுது. வாசிக்கட்டும்" என்கிறேன்.

அந்தப் பெட்டியை வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. எனக்கு அந்தக் கடைக்காரன் மூக்கில் இருந்த மச்சம் வரை நினைவிருக்கிறது. கம்பெனியில் தீபாவளி போனஸ் போட்டிருந்தார்கள். உன்னைக் கூட்டிக்கொண்டு பூனா கேம்ப் கடைத்தெருவுக்குப் போனேன். நீ ஷூ வேண்டும் என்றுதான் கிளம்பினாய். வழியில் ஒரு கடையின் டிவியில் ஒரு பையன் ஆற்றோரமாக நடந்துகொண்டிருந்தான். நீ அங்கேயே நின்றுவிட்டாய். கடைக்காரன் என்னைப் பார்த்து இந்தியில், "ஜப்பான் சரக்கு காகா. படம் மாதிரி ஓடும், நடுநடுவே நீங்க சண்டை போடணும், அவ்வளவுதான்" என்றான். அசல் சிடி தட்டா என்று கேட்டேன். "அசல் கேட்டா நீங்க ஜப்பானுக்குத்தான் போகணும்" என்றான். காப்பி தட்டுத்தான் கிடைத்தது. அன்று முழுவதும் பழைய ஷூவோடேயே சுற்றினாய், முகத்தில் அப்படி ஒரு பளபளப்பு.

அந்த ஆட்டத்தை நான் ஒரு பொத்தானைக்கூட அழுத்தி ஆடியதில்லை. ஆனால் காலை ஷிப்ட் முடிந்து நான் வருவதும் நீ பள்ளிக்கூடம் விட்டு வருவதும் ஒரே நேரமாக இருந்தது. அம்மா டீ போட்டுக் கொடுப்பாள். நீ தரையில் உட்காருவாய், நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வேன். அந்தக் கதையில் ஒரு ஊர். ஊருக்குள் ஓடிய ஆறு ஒரு நாள் நின்றுபோகிறது. ஏன் நின்றது என்று பார்க்க ஓடக்காரன் மகன் ஒருவன் கரையோரமாக மேலே மேலே நடக்கிறான். வழியில் ஒவ்வொருவராக அவனோடு சேர்ந்துகொள்கிறார்கள். படத்தில் யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள்; கீழே ஒரு பெட்டியில் இங்கிலீஷில் எழுத்து ஓடும். நீ அதை வாசித்து எனக்குத் தமிழில் சொல்வாய். உன் தமிழைக் கேட்க அப்போது சிரிப்பாக இருக்கும். "அப்பா, இந்த ஆளு என்ன சொல்றார்னா... நதி இருக்குல்ல... அது மேல எங்கயோ பந்த் ஆயிடுச்சு, அதனால மச்சி எல்லாம் மர் கயீ." மீன் என்ற சொல்கூட உனக்கு வராது. ஆனால் எனக்காகத் தேடித் தேடிச் சொல்வாய். மளிகைச் சீட்டிலிருந்து பஸ்ஸின் நெற்றிப் பலகை வரை ஊரெல்லாம் எனக்கு யாராவது எதையாவது வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். கதை வாசித்துக் காட்டியவன் நீ ஒருத்தன்தான்.

அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் ஒரே வழிதான். எதிர்வீட்டு மோரே மகன் கம்ப்யூட்டரில் ஒரு கார் ஆட்டம் வைத்திருந்தான். எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரை வேண்டுமானாலும் இடிக்கலாம். நீ அங்கே போய் ஆடிவிட்டு வந்து, "போர்பா, எங்க போறதுன்னே தெரியல" என்றாய். நம் ஆட்டத்தில் அந்தக் குழப்பமே கிடையாது. ஆறு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம். எங்கள் கம்பெனியில் ஸ்கூட்டர் லைன் ஓடுவது மாதிரி. வெறும் சட்டமாக ஒரு முனையில் ஏறும், என்னிடம் வரும்போது சக்கரம் மாட்ட வேண்டும், அடுத்த ஆளிடம் விளக்கு மாட்டுவார்கள், கடைசியில் வண்டியாக இறங்கும். முன்னே பின்னே போகாது. நான் நடுவில் இரண்டு நாள் பார்க்காமல் விட்டாலும், "எந்த ஊர்ல இருக்கோம்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், கதை கையில் வந்துவிடும். சண்டையில்கூட ஒரு முறை இருந்தது. நீ அடிக்கும்போது அந்த ராட்சசன் பொறுமையாக நிற்பான். அவன் முறை வந்தால் நம் ஆட்கள் நிற்பார்கள். கேம்ப் பஸ் ஸ்டாப்பில் இல்லாத ஒழுங்கு அது. அப்புறம் அந்தப் பாட்டு. அந்த ஆற்றோரப் பாட்டை லைனில் நின்று முணுமுணுத்து, ஷிண்டே என்கிற என் பக்கத்து ஆளுக்கும் அது தொற்றிக்கொண்டது.

குறையும் சொல்ல வேண்டும். ஒரு ஊருக்குள் நுழைந்தால் முப்பது வீடு இருக்கும், எல்லாவற்றுக்கும் கதவு இருக்கும், திறப்பது மூன்று. மற்றதெல்லாம் சுவரில் எழுதின கதவு. தெருவில் நிற்கிற கிழவியிடம் எத்தனை தரம் போய்ப் பேசினாலும் அதே ஒரு வாக்கியத்தைச் சொல்வாள். நாலடி நடந்தால் சண்டை, மறுபடி நாலடி நடந்தால் அதே வௌவாலோடு அதே சண்டை. முக்கியமான இடம் வரும்போது பொத்தான் கட்டையைக் கையிலிருந்து பிடுங்கின மாதிரி படமாக ஓட ஆரம்பித்துவிடும். நீ சும்மா கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். விளக்குக் கம்பம் இருக்கிற இடத்தில்தான் ஆட்டத்தைப் பத்திரப்படுத்த முடியும். இரண்டு கம்பத்துக்கு நடுவில் நம் ஆகுர்டியில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. எத்தனை தரம் நீ தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாய். தட்டு காப்பி என்பதால் பெட்டி சூடானதும் சுற்றாது. பெட்டியையே தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் ஓடும். உன் அம்மா அதற்கு அடியில் மடித்த துண்டு வைப்பாள். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்க முடியாதது அந்தப் பெரியவர்தான்.

இரண்டாவது ஊரில் அவர் வந்து சேர்ந்தார். மதகுக் காவல்காரர். வெள்ளைத் தாடி, கையில் ஒரு பெரிய இரும்புக் கம்பி. அவர் அடித்தால் ஒரே அடியில் வௌவால் விழும். நீ ஓடக்காரன் மகனுக்கு உன் பெயரை வைத்திருந்தாய். மருந்து கட்டுகிற பெண்ணுக்கு அம்மாவின் பெயரை வைத்தாய். நான் அடுத்தது என் பெயர் என்று வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். "இவருக்கு பேர் மாத்த முடியாதுப்பா. கேம்ல அப்படித்தான்" என்றாய். ஒரு வழி ஆட்டம் என்றால் இப்படியும் ஒரு வழியா என்று அன்றைக்கே எனக்கு அவர்மேல் ஒரு கடுப்பு. நல்ல கவசம் கிடைத்தால் அவருக்கு. நல்ல மோதிரம் கிடைத்தால் அவருக்கு. பச்சிலை இருந்தால் முதலில் அவருக்கு. ஒரு நாள் லைனில் ஸ்பானர் வழுக்கி என் கட்டைவிரல் கிழிந்து, துணி சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "தம்பி, அந்த டெட்டாலை எடு" என்றேன். "ஒரு நிமிஷம்பா, பெரியவருக்கு விஷம் ஏறியிருக்கு" என்றாய். டிவியில் ஒரு கிழவன் பச்சை நிறமாக மாறிக் குனிந்து நிற்கிறான். அவனுக்கு மருந்து கொடுத்த பிறகுதான் எனக்கு டெட்டால் வந்தது. உன் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் அந்தப் பாலம் வந்தது. பின்னால் ஒரு படையே துரத்தி வருகிறது. தூக்குப் பாலம். எல்லாரும் தாண்டின பிறகு அதைத் தூக்க வேண்டும் என்றால் இந்தப் பக்கம் ஒருவர் நின்று கம்பியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். பெரியவர் நின்றுவிட்டார். கட்டை உன் கையில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கீழே எழுத்து ஓடியது. நீ அந்த எழுத்தைப் பார்க்கவே பார்க்காத மாதிரி டிவிப் படத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு இடத்திலும் திக்காமல், இந்தி கலக்காமல் எனக்குச் சொன்னாய். "அவர் சொல்றார்பா: நீ போ. திரும்பிப் பாக்காத. நான் இங்கன நின்னுக்கிடுதேன். நிக்கது எனக்குப் பழக்கம். எனக்குக் கால் வலிக்கல." சொல்லி முடித்ததும் அழுதாய். தேம்பித் தேம்பி அழுதாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "என்னலே, என்ன ஆச்சு?" என்றாள். "ஆட்டத்துல ஒரு கிழவன் செத்துட்டான்" என்றேன் நான்.

என் மனது அப்போது எப்படி வெந்தது என்று உனக்குத் தெரியாது. லைனில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவன் நான். "கால் வலிக்குதாப்பா?" என்று நீ சின்ன வயதிலிருந்து கேட்பாய், "வலிக்கலலே, நிக்கது பழக்கந்தான" என்று தினமும் சொல்வேன். அதையேதான் அந்த ஜப்பான் கிழவனும் சொல்கிறான். நான் சொன்னால் நீ தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போகிறாய். அவன் ஒரே ஒரு தரம் சொன்னதற்கு இப்படி அழுகிறாய். அதோடும் விடவில்லை நீ. ஆட்டத்தை நிறுத்தி, பாலத்துக்கு முந்தைய விளக்குக் கம்பத்துக்கே திரும்பப் போனாய். அங்கே பெரியவர் உயிரோடு நின்றார். அதற்குப் பிறகு நீ பாலத்தைத் தாண்டவே இல்லை. காட்டுக்குள்ளேயே அவரோடு சுற்றிச் சுற்றி வௌவால் அடித்துக்கொண்டிருந்தாய். "மேல போலே, ஆறு ஏன் நின்னுச்சுன்னு பாப்போம்" என்றேன். "போனா அவர் இருக்க மாட்டார்பா" என்றாய். அப்படியே உன் பத்தாம் வகுப்பு வந்தது, பெட்டி பீரோவுக்கு மேலே போனது. ஆறு ஏன் நின்றது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு கிழவனுக்காக ஒரு கதையையே நிறுத்தி வைத்தவன் நீ. அவனைப் பார்த்து எனக்குப் பொறாமை வராமல் என்ன செய்யும்?

ஆனால் வார்த்தை நல்ல வார்த்தை. அதை மறுக்க முடியவில்லை. ஷிண்டே ரிட்டயர் ஆன அன்று லைன் ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு வார்த்தை பேசினார்கள். என் முறை வந்தபோது, "ஜப்பானில் ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார்" என்று ஆரம்பித்து, அதை அப்படியே இந்தியில் சொன்னேன். ஷிண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜப்பானி லோக் கமால் ஹைன்", ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான் என்றான். சூப்பர்வைசர்கூட யார் அந்தப் பெரியவர் என்று கேட்டார். பெயர் மறந்துவிட்டது என்று சொன்னேன்.

இப்போது தாரிணி விஷயத்துக்கு வருகிறேன். அவள் முதல் தரம் நம் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா உன்னைத் தயிர் வாங்க அனுப்பினாள். கோயம்புத்தூர்ப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளாகவே பீரோ மேலே பார்த்துவிட்டு, "மாமா, அதுதானுங்களா அந்தப் பொட்டி? ஆபீஸ்ல நாங்க மொதல்ல பேசுனதே அந்த கேம் பத்தித்தானுங்க. எங்கண்ணன் வெச்சிருந்தான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக் கதை இன்னொரு வீட்டிலும் ஓடியிருக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஏதாவது ஒன்றில் அவளைவிட நான் அதிகம் தெரிந்தவன் என்று காட்ட வேண்டும்போல இருந்தது. "பாலத்துல அந்தப் பெரியவர் சொல்லுவாரே, அது கேட்டிருக்கியாம்மா?" என்றேன். சொல்லியும் காட்டினேன்.

அவள் சொன்னாள்: "இல்லீங்க மாமா. அவரு அங்க ஒண்ணுமே பேச மாட்டாருங்க. ஓடக்காரப் பையன்தான் வாங்க வாங்கன்னு கத்திட்டே இருப்பான், அதான் கீழ எழுத்துல வரும். அவரு பேசாம திரும்பி நின்னுக்குவாரு. பாட்டுகூட நின்னு போயிரும். அந்த கேம்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச எடமுங்க அது."

நான் அவளிடம் சண்டைக்கே போனேன். உன் அண்ணன் வைத்திருந்தது வேறு ஆட்டமாக இருக்கும் என்றேன். அவள் மரியாதையாக, "இருக்கும்ங்க மாமா" என்றாள். ஆனால் நான் ஓடக்காரன் மகன் என்று சொல்வதற்கு முன்பே அவள் சொல்லியிருந்தாள். அதே ஆட்டம்தான். அப்போது நீ தயிரோடு உள்ளே வந்தாய், "க்யா ஹுவா?" என்றாய், நாங்கள் இருவரும் ஒன்றுமில்லை என்றோம். அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. பாயசம் பிடிக்கவில்லையோ என்று அவள் பயந்துபோனதாக அம்மா பிறகு சொன்னாள். பாயசம் நன்றாகத்தான் இருந்தது என்று அவளிடம் சொல். இல்லை, அவளேதானே வாசிக்கிறாள். நன்றாக இருந்ததம்மா.

தம்பி, மீனுக்குத் தமிழ் தெரியாத வயதில் நீ எங்கிருந்து அந்தப் பேச்சைப் பிடித்தாய்? 'இங்கன' என்று பூனாவில் யார் பேசுகிறார்கள்? 'நின்னுக்கிடுதேன்' என்று எந்த ஜப்பான்காரன் பேசுவான்? நம் வீட்டைத் தவிர வேறு எங்கும் நீ அதைக் கேட்டிருக்க முடியாது; நிக்கது பழக்கம், கால் வலிக்கல என்பது என் வாயில் மட்டும்தான். இத்தனை வருஷம் என் பக்கத்திலேயே அது இருந்திருக்கிறது, எனக்கு உறைக்கவில்லை. அந்த ஆட்டத்தில் நம் இஷ்டத்துக்கு எதையும் மாற்ற முடியாது என்று சொல்வாயே. பேர்கூட மாற்ற விடாத அந்தக் கிழவனுக்கு என் பேச்சைக் கொடுத்து, என் காலைக் கொடுத்து, பாலத்தில் நிற்க வைத்திருக்கிறாய். அவருக்குப் போட்ட கவசமும் மோதிரமும், கொடுத்த பச்சிலையும் யாருக்கு என்று இப்போது தெரிகிறது. நான் என்னைப் பார்த்தே இத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஷிண்டேயின் வீட்டுக்குப் போய், அந்த ஜப்பான்காரன் நான்தான் என்று சொல்ல வேண்டும்.

பெட்டியை எடுத்துக்கொண்டு போ. துடைத்து, துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். மெமரி கார்டும் உள்ளே இருக்கிறது. தாரிணி அண்ணனிடம் அசல் தட்டு இருக்கிறதாமே, இனிக் கவிழ்த்து வைக்க வேண்டியிருக்காது. கல்யாணம் பண்ணுகிறவனுக்கு அப்பன் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்கிறாள் உன் அம்மா. எனக்கு அந்த ஆட்டத்திலிருந்துதான் சொல்லத் தெரியும். சண்டை வந்தால் ஒருத்தர் அடித்து முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் காத்திருங்கள், முறை வரும். எதைக் கேட்டாலும் அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தத் தெருக்கிழவி மாதிரி இருக்காதீர்கள். வீட்டுக் கதவு திறக்கிற கதவாக இருக்கட்டும். முக்கியமாக, இந்தத் தரம் பாலத்தைத் தாண்டு. அந்த விளக்குக் கம்பத்தடியிலேயே சுற்றிக்கொண்டிருக்காதே. ஆறு ஏன் நின்றது என்று அவளோடு போய்ப் பார்.

ஒன்றே ஒன்று. பாலம் வரும்போது அவளுக்கு எதையும் தமிழில் சொல்லாதே. அவள் கதையில் பெரியவர் பேசாமலே நிற்கட்டும், அவளுக்கு அப்படித்தான் பிடித்திருக்கிறது. அந்தப் பேச்சு எனக்குச் சொன்னது. அதை யாருக்கும் பங்கு வைக்க மாட்டேன்.

"அட, அதத்தான் மேலேயே எழுதியாச்சே. அவதான இத வாசிக்கா?" என்கிறாள் உன் அம்மா. "அடிச்சிரட்டுமா?"

பேனாவைப் பிடித்து நிறுத்துகிறேன். வேண்டாம், இருக்கட்டும். வாசித்ததோடு நிற்கட்டும்.

கடைசியாக இதையும் எழுதச் சொல்கிறேன். அவள் குரலில் நீ கேட்பதும் நல்லதுதான். நான் சொன்னால் நம்ப மாட்டாய். கால் வலிக்கிறது, தம்பி. அப்போதும் வலித்தது. லோஹேகாவிலிருந்து ஆகுர்டிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், எனக்கு ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள்தான் வர வேண்டும். வரும்போது கதை எந்த ஊர் வரைக்கும் போயிருக்கிறது என்று சொல்.

உன் அப்பா